வாடகை வீட்டைப் புதுப்பிக்கிறீர்களா? மேஸ்திரியைக் கூப்பிடுமுன் தாளை எடுங்கள்

குடியிருக்கப் போகும் வீட்டுக்குச் செய்யும் செலவில் ஆசைக்கு இடமுண்டு. வாடகைக்கு விடப் போகும் வீட்டில் உங்கள் ஆசைக்கு யாரும் வாடகை தரமாட்டார்கள். இதை முதலில் தீர்மானிக்காதவர்கள்தான் மேஸ்திரி ஏமாற்றினார், பெயிண்டர் இழுத்தடித்தார், எலக்ட்ரீஷியன் பாதியில் போய்விட்டார் என்று பிறகு புலம்புகிறார்கள். குற்றத்தில் பாதி அவர்கள்மேல் இருக்கலாம். மீதிப் பாதி, என்ன வேண்டும் என்று நாம் சொல்லாமல் விட்டதில் இருக்கிறது.

நான் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவள். சேலத்தில் பழைய வீடுகளை வாங்கி, சரிசெய்து, வாடகைக்கு விடுவதுதான் இப்போது என் வேலை. கட்டடக் கலை படித்தவள் இல்லை. ஆனால் பேரேட்டில் ஒரு வரி விட்டுப்போனால் வருடக் கடைசியில் என்ன பாடுபட வேண்டும் என்பது நன்றாகத் தெரியும். மேஸ்திரிக்கு வேலை தெரியும். உங்கள் மனதில் இருப்பது தெரியாது. அதைத் தாளில் இறக்கிக் கையில் கொடுத்த பிறகுதான் அவர் செய்ததா, செய்யாததா என்று பேச நமக்கு வாய் இருக்கும்.

வாடகையிலிருந்து தொடங்குங்கள்

வீடு இப்போது 9,000 ரூபாய்க்குப் போகிறது, சரிசெய்தால் 12,000 வரும் என்று வைத்துக்கொள்வோம். கூடுதலாக வருவது மாதம் 3,000, வருடம் 36,000. ஒன்றரை லட்சம் செலவு செய்தால் நான்கு வருடத்துக்குச் சற்று மேலே போட்ட பணம் திரும்பும். மூன்று லட்சம் என்றால் எட்டு வருடம் தாண்டும். அதற்குள் மறுபடி பெயிண்ட் அடிக்கும் காலம் வந்துவிடும். வேலை நடக்கும் மாதங்களில் வாடகை வராது, அதையும் செலவில் எழுதுங்கள். மேஸ்திரி ஒரு மாதம் இழுத்தடித்தால் உங்களுக்கு 12,000 நஷ்டம். விலை பேசும்போது பத்தாயிரம் குறைத்துக் கேட்கும் மேஸ்திரியைவிட, சொன்ன தேதியில் முடிக்கும் மேஸ்திரி மலிவு என்று நான் சொல்வது இதனால்தான்.

பிறகு, யார் குடிவரப் போகிறார்கள் என்று முடிவு செய்யுங்கள். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கு நடந்துபோகும் தூரத்தில் வீடு இருந்தால் செவிலியர்களும் பயிற்சி மருத்துவர்களும் வருவார்கள். இரவுப் பணி முடித்துப் பகலில் தூங்குகிறவர்களுக்குத் தெருப்பக்க ஜன்னல் இறுக்கமாக மூட வேண்டும். சூரமங்கலத்தில் ரயில்வே ஊழியர்கள். கருப்பூர்ப் பக்கம் பெரியார் பல்கலைக்கழகம், அரசு பொறியியல் கல்லூரி மாணவர்கள். அவர்கள் ஹாலின் தரையைப் பார்க்கமாட்டார்கள், குளியலறை எத்தனை என்று எண்ணுவார்கள். அம்மாபேட்டையிலும் குகையிலும் நெசவுக் குடும்பங்கள் வரும். அவர்களுக்குத் தரைத்தளத்தில் தறி போட இடமும் நல்ல வெளிச்சமும் இருந்தால் மற்றதெல்லாம் பிறகுதான். ஒரே மேஸ்திரி, ஒரே அளவு வீடு, ஆனால் இந்த நால்வருக்கும் எழுத வேண்டிய தாள் நான்கு விதம்.

வாடகை வீட்டில் நான் தொடாதவை: பால்ஸ் சீலிங், மாடுலர் கிச்சன், சுவரில் ஒட்டும் அலங்காரத் தாள். சமையலறை அலமாரிக்குக் கடப்பா கல் போதும். கரையான் அதைத் தின்னாது, குடித்தனக்காரர் ஈரப் பாத்திரத்தை வைத்தாலும் உப்பாது. மேடைக்குக் கிரானைட் கல். கிருஷ்ணகிரியும் தருமபுரியும் பக்கத்தில் இருக்கும்போது அதில் கஞ்சத்தனம் வேண்டாம். மிச்சமாகும் பணத்தைக் குழாயிலும் ஒயரிங்கிலும் போடுங்கள். கண்ணுக்குத் தெரியாத செலவுதான், ஆனால் இரவு பதினோரு மணிக்குத் தொலைபேசி வராது.

வீட்டை முதலில் நீங்கள் பாருங்கள்

மேஸ்திரியோடு போவதற்கு முன் ஒருமுறை தனியாகப் போய்வாருங்கள். டார்ச், அளவு நாடா, நோட்டு, ஒரு ரூபாய் நாணயம் போதும். மேலிருந்து கீழே வாருங்கள். மொட்டை மாடியில் தட்டோடு எங்கே பெயர்ந்திருக்கிறது, மழைநீர்க் குழாயின் வாய் அடைத்திருக்கிறதா, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். கீழே வந்து, சுவரில் ஓதம், அதாவது ஈரக்கசிவு, ஏறியிருக்கும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். ஓதம் மேலிருந்து இறங்குகிறதா, அடியிலிருந்து ஏறுகிறதா, குளியலறைக்குப் பின்பக்கச் சுவரில் மட்டும் இருக்கிறதா என்பதை எழுதிக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் மருந்து வேறு. ஓதத்தின் காரணத்தைத் தீர்க்காமல் மேலே பட்டி பூசி வண்ணம் அடித்தால் அடுத்த மழையில் அப்பளமாக உரிந்து விழும்.

செவ்வாய்பேட்டை, குகை, அம்மாபேட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் சுவர் சுண்ணாம்புக் காரையால் ஆனதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். ஆணியால் சுரண்டினால் வெண்மையாக, மாவாக உதிரும். அப்படிப்பட்ட சுவரில் சிமெண்ட் பூச்சு சரியாகப் பிடிக்காது. பிடித்தாலும் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சையே தள்ளிவிடும். சுண்ணாம்புக் காரையை மறுபடி சுண்ணாம்பாலேயே பூசத் தெரிந்த கொத்தனார் வேண்டும். இன்று எல்லாரும் அப்படி இல்லை. மரச் சட்டத்தின்மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை என்றால் விலை கேட்பதற்கு முன்பே ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்து வந்து சட்டங்களைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் கட்டணம் வீண்போகாது.

சுவரை எடுப்பது, அறை கூட்டுவது, மேலே தளம் போடுவது எல்லாம் 2019 ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளுக்குள் வரும். மாநகராட்சியில் அனுமதி வாங்காமல் தொடங்கக் கூடாது. “உள் வேலைதானே அம்மா, யார் கேட்கப்போகிறார்கள்” என்பார் மேஸ்திரி. நோட்டீஸ் வந்தால் அது அவர் வீட்டுக்கு வராது.

தாளில் என்ன எழுதுவது

“குளியலறையை நன்றாகச் செய்து கொடுங்கள்” என்பது வேண்டுதல். கோயிலில் சொல்லலாம். மேஸ்திரியிடம் சொல்வது இப்படி இருக்க வேண்டும்:

“பின்புறக் குளியலறை. பழைய தரை ஓடு, சுவர் ஓடு முழுவதும் உடைத்து எடுத்து, இடிபாட்டை வண்டியில் ஏற்றி அகற்ற வேண்டும். தரையிலும் சுவரில் ஓரடி உயரத்துக்கும் நீர்க்கசிவுத் தடுப்பு இரண்டு பூச்சு. ஓடு ஒட்டுவதற்கு முன் இருபத்து நான்கு மணி நேரம் தண்ணீர் கட்டி நிறுத்தி, கீழ்ச்சுவரில் கசிவு இல்லை என்று எனக்குக் காட்ட வேண்டும். சுவர் ஓடு ஏழடி உயரம். தரை ஓடு வழுக்காத வகை. தரைச் சரிவு அடிக்கு அரைக்கால் அங்குலம், வடிகால் பக்கமாக. குழாய் சி.பி.வி.சி.; சுவரை மூடுமுன் அழுத்தச் சோதனை. வாஷிங் மெஷினுக்கு வெளிச்சுவரில் ஒரு குழாய், ஒரு வடிகால்.”

ஒவ்வொரு அறைக்கும் இப்படி ஒரு பத்தி. என்ன செய்ய வேண்டும், எவ்வளவு, எந்தப் பொருளால், முடிந்ததை எப்படிச் சரிபார்ப்பது என்ற நான்கும் அதில் இருந்தால் போதும். மொழி அழகாக இருக்க வேண்டியதில்லை. கொத்தனார் படித்தால் புரிய வேண்டும். ஆகவே தமிழில், பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

பூச்சு வேலை என்றால் கனம், கலவை இரண்டும் எழுதுங்கள்: உள்சுவர் 12 மி.மீ., சிமெண்ட் ஒன்றுக்கு மணல் ஐந்து. பூச்சுக்கு பி-சாண்ட் என்ற நைஸான செயற்கை மணல், கட்டு வேலைக்கான எம்-சாண்டைப் பூச்சில் கலக்கக் கூடாது. 100 சதுர அடியை மேஸ்திரிகள் ஒரு சதுரம் என்பார்கள். இந்தக் கனத்தில் ஒரு சதுரத்துக்கு முக்கால் மூட்டையிலிருந்து ஒரு மூட்டை சிமெண்ட் பிடிக்கும். இந்தக் கணக்கு கையில் இருந்தால், இரண்டு மூட்டை வேண்டும் என்று கேட்கும்போது ஏன் என்று கேட்கலாம். சுவர் கோணலாக இருந்தால் உண்மையிலேயே கூடுதலாகப் பிடிக்கும். அதையும் அவர் வாயால் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் தெளிப்பது எத்தனை நாள், யார் பொறுப்பு என்று எழுதுங்கள். ஏழு நாளாவது வேண்டும். சேலத்துச் சித்திரை வெயிலில் காலையில் நனைத்த சுவர் மதியத்துக்குள் காய்ந்துவிடும்.

ஒயரிங்குக்கு உரிமம் உள்ளவர்தான். விளக்கு, மின்விசிறிக்கு 1.5 சதுர மி.மீ. ஒயர், பவர் பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கும் கீசருக்கும் 4. தனி எர்த். மின்கசிவு வந்தால் தானாகவே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். இரண்டு போர்ஷன் என்றால் தனித்தனி மின் இணைப்புக்கு ஏற்றபடி ஒயரைப் பிரிக்கச் சொல்லுங்கள். வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் குறிப்பிட்ட யூனிட் இலவசம் என்பதால் குடிவருகிறவர் முதலில் கேட்பதே தனி மீட்டர் உண்டா என்றுதான்.

அளக்கும் முறையையும் தாளிலேயே முடித்துவிடுங்கள். கதவு, ஜன்னல் இடத்தைக் கழிப்பதா, கூடாதா? சுவரடியில் ஒட்டும் ஓட்டுப் பட்டையான ஸ்கர்ட்டிங்குக்கு ரன்னிங் அடியா (நீளக் கணக்கு), சதுர அடியா? சாரம் கட்டும் கூலி யாருடையது? ஒயர் குழாய் பதிக்கச் சுவரை வெட்டியதை யார் மூடுவது? இந்தக் கடைசிக் கேள்வியில் எலக்ட்ரீஷியனும் கொத்தனாரும் ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டு நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

ஒரு வரி எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு அம்மாபேட்டை வீட்டைச் சொல்கிறேன். அதன் முன்னறையில் பழைய குழித்தறி இருந்தது. நெய்பவர் காலை இறக்கி மிதிப்பதற்கான குழி, இடுப்பளவு ஆழம். அதை நிரப்பித் தரை போட வேண்டும். நான் போனபோது இரண்டு ஆட்கள் குளியலறையில் உடைத்த ஓட்டையும் காரையையும் பாண்டு பாண்டாக அந்தக் குழிக்குள் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அது நியாயமாகவே பட்டது. குழியும் நிரம்புகிறது, வண்டிச் செலவும் மிச்சம். ஆனால் இடிபாட்டுக்குள் காற்று நிற்கும். நாளாக ஆக அது கீழே அமரும், மேலே ஒட்டிய ஓடு நடுவில் பிளக்கும். நான் சத்தம் போடவில்லை. சுவரில் ஒட்டியிருந்த தாளில் ஒரு வரியைக் காட்டினேன்: “தறிக்குழி — கிராவல், அரை அடிக்கு ஓர் அடுக்கு, தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு இறுக்க வேண்டும். இடிபாடு போடக் கூடாது.” மேஸ்திரி ஒருமுறை படித்தார். “அள்ளுங்கள் வெளியே” என்றார் ஆட்களிடம். கூடுதல் கூலி கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. விலை சொல்லும்போதே அந்த வரி அவர் கையில் இருந்தது.

ஆளைத் தேடுவது

புதிதாக முடித்த வீட்டைக் காட்டினால் பார்க்காதீர்கள்; எல்லா வேலையும் முதல் மாதத்தில் அழகாகத்தான் இருக்கும். இரண்டு மழைக்காலம் பார்த்த வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஓடுகளை எப்படி வெட்டியிருக்கிறார் என்று பாருங்கள். கண் போகாத மூலையில் ஒழுங்கு இருந்தால் ஆளிடம் ஒழுங்கு இருக்கிறது. அந்த வீட்டுக்காரரிடம் ஒரே கேள்வி: வேலை முடிந்து பணம் வாங்கிய பிறகு கூப்பிட்டபோது வந்தாரா?

அடுத்ததாக, அந்தப் பகுதி ஹார்டுவேர் கடைக்குப் போங்கள். எந்த மேஸ்திரி பாக்கி வைக்கிறார், எவர் வாங்கிய சிமெண்டைத் திருப்பித் தந்து காசாக்குகிறார் என்பது கல்லாவில் இருப்பவருக்குத் தெரியும். நேராகக் கேட்டால் சொல்லமாட்டார். பெயரைச் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள்.

மேஸ்திரியிடம் கேட்க வேண்டியவை: நிரந்தரமாக அவரோடு இருக்கும் கொத்தனார் எத்தனை பேர், அல்லது தினமும் காலையில் முச்சந்தியில் நிற்பவர்களைக் கூட்டி வருகிறாரா? இப்போது வேறு எத்தனை இடத்தில் வேலை ஓடுகிறது? மூன்று என்று சொன்னால் உங்கள் வீட்டுக்கு வாரத்தில் ஒன்றரை நாள்தான். ஆட்களிடம் கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறதா? 1994 முதல் இருக்கும் வாரியம் அது. சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தால் அந்தக் குடும்பத்துக்கு அதன் உதவி கிடைக்கும். இதைக் கேட்கும்போது எரிச்சல்படும் மேஸ்திரியிடம் நான் வேலை கொடுப்பதில்லை.

விலை கேட்பது

ஒரே தாளின் நகலை மூன்று பேருக்குக் கொடுங்கள். மூவரும் வீட்டுக்கு வந்து பார்த்த பிறகே விலை சொல்ல வேண்டும். போனில் சொல்லும் விலைக்கு ஆயுள் கிடையாது. மொத்தமாக ஒரு தொகை வேண்டாம். உடைப்பு, பூச்சு, ஓடு, குழாய், பெயிண்ட் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், மிகக் குறைந்த விலை சொன்னவர் எதை விட்டிருக்கிறார் என்று தெரியும். பெரும்பாலும் இடிபாடு அகற்றுவதும் சாரமும்தான் காணாமல் போயிருக்கும்.

கூலி மட்டுமா, பொருளோடா? சின்ன வேலைக்கு நான் கூலிப் பேச்சையே விரும்புகிறேன். பொருளை நானே செவ்வாய்பேட்டையில் வாங்கி இறக்குவேன். இதில் நேரம் போகும், வெயிலில் நிற்க வேண்டும், மணல் லாரிக்காரரோடு யூனிட் கணக்கில் வாதாட வேண்டும். ஒரு யூனிட் என்பது நூறு கன அடி, லாரிப் பெட்டியை நாடா வைத்து அளந்தால் வாதம் முடிந்துவிடும். வேலைக்குப் போகிறவர்கள், வெளியூரில் இருப்பவர்கள் பொருளோடு பேசுவதே நல்லது. அப்போது ஒவ்வொரு பொருளுக்கும் நிறுவனப் பெயர், ரகம் வரை எழுத வேண்டும். “நல்ல கம்பெனி ஒயர்” என்று எழுதினால் அவருக்கு எல்லாக் கம்பெனியும் நல்ல கம்பெனிதான்.

கடைக்காரர் மேஸ்திரிக்குக் கமிஷன் தருவது ஊரறிந்த விஷயம். அதற்காக முகம் சுளிப்பதில் பயனில்லை. “உங்களுக்குக் கடையில் என்ன வருமோ வரட்டும், எனக்குப் பில் என் பெயரில் வேண்டும், விலையை நான் வேறு கடையில் கேட்டுப் பார்ப்பேன்” என்று முதல் நாளே சொல்லிவிடுகிறேன். பிறகு பேச்சு சுமுகமாகப் போகிறது.

சாக்பீஸோடு ஒரு நடை

விலை முடிந்து, வேலை தொடங்குவதற்கு முன், மேஸ்திரி, எலக்ட்ரீஷியன், பிளம்பர் மூவரையும் ஒரே நேரத்தில் வீட்டுக்கு வரவழையுங்கள். இது மட்டும் சிரமம். ஒருவர் வந்தால் மற்றவர் வரமாட்டார். ஆனாலும் விடாதீர்கள். சாக்பீஸை எடுத்துச் சுவரிலேயே வரையுங்கள். கட்டில் இங்கே வரும் என்று தரையில் ஆறடிக்கு ஐந்தடி கோடு போட்டால்தான், சுவிட்ச் பெட்டி கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால் மறைந்துபோகும் என்பது எலக்ட்ரீஷியனுக்கே தெரியும். குளிர்சாதனப் பெட்டி நிற்கும் இடம், கேஸ் சிலிண்டர் இடம், இன்வெர்ட்டர் இடம், சாமி படம் வைக்கும் மூலை எல்லாவற்றையும் வரையுங்கள். குடித்தனக்காரர் ஒவ்வொருவரும் சுவரில் ஆணி அடிப்பார். ஒயர் போகும் பாதை நேராக மேலிருந்து கீழே மட்டும் இருக்க வேண்டும், குறுக்கே போகக் கூடாது என்று அங்கேயே சொல்லுங்கள். வரைந்ததை எல்லாம் படம் எடுத்து மூவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

இந்த நடையில் மேஸ்திரி சொல்வதற்கும் காது கொடுங்கள். அஸ்தம்பட்டி வீட்டில் சமையலறைச் சுவரை முழுக்க உடைத்துக் குழாய் மாற்ற நான் எழுதியிருந்தேன். “வெளிச்சுவரில் ஓட்டலாம் அம்மா, உடைப்பும் மிச்சம், நாளைக்குக் கசிந்தாலும் கண்ணுக்குத் தெரியும்” என்றார் பிளம்பர். வாடகை வீட்டுக்கு அதுதான் சரி. தாளில் அடித்து எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

சனிக்கிழமைப் பணம்

ஆட்களுக்குச் சனிக்கிழமை மாலை கூலி போட்டாக வேண்டும். இது மேஸ்திரியின் சாக்கு இல்லை, நடைமுறை. ஆகவே கட்டம் கட்டமாகத்தான் தருவேன் என்று பிடிவாதம் பிடித்தால் வேலை நிற்கும்; கேட்டபோதெல்லாம் தந்தாலும் நிற்கும். நான் செய்வது: முன்பணம் பத்து சதவீதம். வெள்ளிக்கிழமை மாலை நானும் மேஸ்திரியும் நாடாவைப் பிடித்து அந்த வாரம் முடிந்ததை அளந்து நோட்டில் எழுதுவோம். சனிக்கிழமை தருவது அந்த மதிப்பில் எண்பது சதவீதத்தைத் தாண்டாது. பணம் எப்போதும் வேலைக்குப் பின்னால் வர வேண்டும். முன்னால் ஓடிவிட்டால் மேஸ்திரி அடுத்த வீட்டுக்கு ஓடிவிடுவார்.

கூடுதல் வேலை என்று எதைச் சொன்னாலும் முதலில் நோட்டில் விலை, பிறகு வேலை. கடைசிப் பத்து சதவீதம் ஒரு நல்ல மழை பெய்து முடியும்வரை என்னிடம் இருக்கும். இதைப் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும். கடைசியில் சொன்னால் பிடித்தம் என்று சண்டைதான் வரும்.

கூடியமட்டும் வங்கி வழியாகவே கொடுங்கள். ஒரே வேலைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. பில்களைத் தூக்கி எறியாதீர்கள். வாடகை வருமானத்தில் 30 சதவீதக் கழிவு நீங்கள் செலவு செய்தாலும் செய்யாவிட்டாலும் ஒன்றுதான்; வாடகைக் கணக்கில் பழுதுபார்ப்புப் பில் உதவாது. ஆனால் வீட்டை விற்கும் நாளில், மேம்பாட்டுக்கு ஆன செலவை வீட்டின் அடக்கத்தோடு சேர்க்கலாம். பில் இருந்தால்தான்.

ஆடியும் மழையும்

ஆடியில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது என்று பலரும் காத்திருப்பதால் மேஸ்திரிகள் அப்போது ஓய்வாக இருப்பார்கள். பழுது வேலைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை என்று நினைப்பவர்களுக்கு விலை பேச நல்ல காலம். ஆனால் சேலத்தில் கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை தொடங்கி, ஊரின் மற்ற மாரியம்மன் கோயில்களிலும் கம்பம் நட்டுவிட்டால் உருளுதண்டம், பொங்கல் என்று ஆட்கள் பெரும்பாலும் கோயிலில்தான் இருப்பார்கள். அந்த வாரத்துக்குத் தேதியே போடாதீர்கள். தீபாவளி, பொங்கலுக்கும் அப்படியே. மாடி வேலையை ஐப்பசிக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

ஏற்காட்டில் என்றால்

சேர்வராயன் மலையில் பழைய ஓட்டு வீடு ஒன்றை வாங்கி, வார இறுதியில் வருகிறவர்களுக்கு விடலாம் என்ற எண்ணம் சேலத்தில் பலருக்கு உண்டு. சேலத்து வீட்டுக்கு எழுதிய தாளை அப்படியே மேலே எடுத்துப்போக முடியாது. முதலாவது, மலைக் கிராமங்களில் கட்டட வேலைக்கு மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் விதிகள் உண்டு. இருக்கும் வீட்டைப் பெரிதாக்குவதோ மண்ணை வெட்டிச் சமன் செய்வதோ அங்கே சின்ன விஷயமில்லை. வாங்குவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, இருபது கொண்டை ஊசி வளைவு. எந்தப் பொருளுக்கும் “மேலே இறக்கிக் கொடுக்கும் விலை” என்ன என்றே கேளுங்கள். பெரிய லாரி எஸ்டேட் பாதையில் நுழையாது. சாலையோரம் கொட்டிச் சின்ன வண்டியில் மாற்ற வேண்டும், அந்தக் கூலி யாருடையது என்று எழுதுங்கள். உடைந்த ஓட்டுக்குப் பதில் ஒரு பெட்டி வாங்கிவர ஒரு நாள் போய்விடும் என்பதால், எல்லாவற்றிலும் சற்றுக் கூடுதலாகவே ஏற்றுங்கள்.

மூன்றாவது, ஆள். சமவெளிக் கொத்தனார் மலையில் இரவு தங்க விரும்பமாட்டார். தினமும் போய்வந்தால் வேலை நேரம் சுருங்கும். தங்க இடமும் கம்பளியும் கொடுப்பது உங்கள் பொறுப்பா என்று முன்பே பேசிவிடுங்கள். உள்ளூர் ஆட்கள் காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில், கார்த்திகை முதல் தை வரை, கிடைப்பது அரிது. அது முடிந்து மே மாதக் கோடை விழாக் கூட்டம் ஏறுவதற்கு முன் இருக்கும் மாசி, பங்குனிதான் ஏற்ற காலம்.

மலைப்பனியில் பூச்சு மெதுவாகக் காயும். பட்டி பூசுவதற்கு முன் சமவெளியில் விடும் கால இடைவெளி அங்கே போதாது. பெயிண்டரின் அவசரத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். மரக் கதவு மழையில் ஊதும் என்பதால் ஆசாரியிடம் இடைவெளி விடச் சொல்லுங்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பூட்டும் மூடி என்று ஒரு வரி எழுதுங்கள். குரங்குகள் திறந்து குளிக்கும்.

வேலையை ஏற்றுக்கொள்ளும் நாள்

மேஸ்திரியையும் கூட வைத்துக்கொண்டு, தாளை மேலிருந்து கீழாகப் படித்தபடி அறை அறையாகப் போங்கள். நாணயத்தால் ஓடுகளைத் தட்டுங்கள். வெற்றொலி வந்தால் அடியில் கலவை நிரம்பவில்லை, அந்த ஓட்டில் குறியிடுங்கள். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு வடிகால் தாங்குகிறதா பாருங்கள். ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழ வேண்டும். குளியலறைத் தரையில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, அது எந்த மூலையில் தேங்குகிறது என்று பொறுமையாக நின்று பாருங்கள். கதவுகளைச் சாத்தித் திறங்கள். குறைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

மிச்ச ஓட்டில் ஒரு பெட்டியைப் பரணில் வையுங்கள். அதே தொகுப்பு எண் பிறகு கடையில் கிடைக்காது. பெயிண்டின் நிற எண், ஓட்டின் பெயர், ஒயர் பாதையின் படங்கள், பில்கள், வெள்ளிக்கிழமை நோட்டு ஆகிய எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு, மேஸ்திரி, பிளம்பர், எலக்ட்ரீஷியன் எண்களை அதன் முதல் பக்கத்தில் எழுதுங்கள். பிளம்பர் எண்ணை மட்டும் குடிவருகிறவருக்கும் கொடுத்துவிடுங்கள். முந்நூறு ரூபாய்க்கு மேல் செலவு வந்தால் என்னிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்று பிளம்பரிடம் சொல்லிவைத்தால் போதும்.